மடிக்காத பக்கங்கள்

ஹாலிஃபாக்ஸ்,
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கைசா எழுதுவது. இங்கே மழை விடவில்லை. அங்கே தண்டர் பேயில் அதற்குள் பனி கொட்டிவிட்டதாமே, வழுக்காமலிருக்க வாசல் படியில் உப்பு தூவினீர்களா?

நான் அனுப்பிய நாவல் திரும்பி வந்து சேர்ந்தது. முழுக்கப் படித்துவிட்டதாகவும், கப்பல் மூழ்கும் இடம் பிரமாதம் என்றும் ஃபோனில் சொன்னீர்கள். அப்பா, அந்தக் கப்பல் மூழ்கவே இல்லை. மூழ்குமோ என்று பின்னட்டையில் பெரிய எழுத்தில் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதைவிட, புத்தகம் நான் அனுப்பியபடியே வந்திருந்தது. உங்களிடம் போன புத்தகம் என்றைக்கு அப்படி வந்திருக்கிறது? சனிக்கிழமை நீராவிக் குளியலில் உங்களோடு உட்கார்ந்து, ஈரத்தில் உப்பிப்போய் வரும். நிறுத்திய இடமெல்லாம் முனை மடங்கியிருக்கும். அதற்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன். "புத்தகத்துக்கு வலிக்குதாடி? அதுகிட்ட கேட்டியா?" என்பீர்கள். இந்தத் தடவை ஒரு மடிப்புகூட இல்லை. ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு ரெய்யோ மாமாவிடம் விசாரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் எதிரே வந்து நின்றும் கண்டுகொள்ளாமல் போனீர்களாம். "உங்கப்பனுக்குத் திமிர் ஏறிடுச்சு, இல்லேன்னா கண்ணு போயிடுச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

இத்துடன் என் மின்நூல் கருவி வருகிறது. பஸ்ஸில் நான் இதில் படித்தபோது, காய் நறுக்குற பலகைய எதுக்கு இப்படி வெறிச்சுப் பாக்குறே என்று கேலி செய்தீர்களே, அதே பலகைதான். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் நிற்கும். அதே நாவல் இதிலும் இருக்கிறது. கண் டாக்டரிடம் போகும்வரை இதில் படியுங்கள். 'போனால்' என்று இல்லை, 'போகும்வரை' என்றுதான் எழுதியிருக்கிறேன். ரெய்யோ மாமா கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம்.

காகிதப் புத்தகத்தையும் கூடவே திருப்பி அனுப்புகிறேன். பலகையைக் குளியலுக்குக் கொண்டுபோகாதீர்கள், செத்துவிடும். புத்தகத்தைக் கொண்டுபோங்கள். படிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, மடியில் இருக்கட்டும். பலகையில் ஓர் அத்தியாயம் முடிந்ததும், புத்தகத்தில் அந்த இடத்தைத் தேடி முனையை மடித்துவிடுங்கள். அத்தியாய எண்களைப் பெரிதாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

உப்பிப்போய், முனையெல்லாம் மடங்கி அது என்னிடம் வந்து சேர வேண்டும் அப்பா. ஒரு வார்த்தை திட்டமாட்டேன்.

உங்கள் மடிப்புகளுக்காகக் காத்திருக்கும்,
கைசா