கடப்பாக்கல் இடுக்கில் ஐந்து செடிகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில். பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை.

வசந்தா சென்னையில், அவள் அக்கா வீட்டில். ஐந்தாவது தடவை கீமோ மருந்து ஏற்றி முடித்தாயிற்று. லீவு தீர்ந்ததால் நான் மட்டும் போர்ட் பிளேர் திரும்பினேன். இன்று போனில் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டு முன்னால் கட்டச் சொன்ன கல் தோட்டத்தைப் பற்றித்தான்.

"நான் வர்றதுக்குள்ள கட்டிருங்க. வந்ததும் அதைத்தான் பார்ப்பேன்."

இரண்டு வருடம் முன்பு ஆபீஸ் எல்.டி.சி. பயணச் சலுகையில் ஹிமாச்சல் போனோம். கணவாய் மேலே எல்லாரும் பனியைப் போட்டோ எடுத்தார்கள். இவள் பாறை வெடிப்பில் முளைத்திருந்த கட்டைவிரல் அளவுச் செடி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "மண்ணே இல்லாம எப்படிங்க?" சயின்ஸ் டீச்சர். எழுப்ப முடியவில்லை. பஸ் டிரைவர் திட்டினான்.

பிப்ரவரி 5, வியாழன்

அவள் சொல்லச் சொல்லக் குறித்தது:
– தட்டைக் கல். புத்தகம் அடுக்குவது போல நிறுத்தி வைக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் சாய்வு.
– முக்கால் பாகம் மண்ணுக்குள்.
– இடுக்கு ஒரு விரல். ("உங்க விரல் இல்ல, என் விரல். உங்களுது தடி.")
– இடுக்கில் மண் கூடாது. கல் பொடி, சிறு ஜல்லி.
– தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை. ஸ்பூனால்.

தட்டைக் கல்லுக்கு எங்கே போவது.

ஆபீஸ் ஸ்டோரில் ஸ்டாக் எடுக்கும் வாரம். வேலை நல்லதுதான். எண்ணிக்கொண்டே இருக்கலாம்.

பிப்ரவரி 7, சனி

ஜப்பார் பாய் கடை. டைல்ஸ், கடப்பாக்கல். கீழக்கரைக்காரர், இருபது வருடப் பழக்கம். பின்பக்கம் உடைந்த கடப்பாக்கல் குவியல்.

"எடுத்துட்டுப் போங்க சார். கப்பல்ல வரும்போதே உடைஞ்சது. கிச்சன் மேடைக்கு ஆகாது. வீட்ல எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா."

அவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். ஆட்டோவில் இரண்டு நடை.

மணலுக்கு வழியில்லை. பீச்சில் அள்ளக்கூடாது, அள்ளினாலும் உப்பு. கல் உடைக்கும் கிரஷரில் பொடி நான்கு மூட்டை சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை ஆறிலிருந்து தோண்டினேன். எங்கள் குவார்ட்டர்ஸ் இருக்கும் மரைன் ஹில்லில் மண் மேலே ஒரு ஜாண்தான், கீழே எல்லாம் சரளை. கடப்பாரை இரண்டு தடவை காலில்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மண்டல் பல் தேய்த்தபடி வந்து நின்றார். "க்யா பனா ரஹே ஹோ தாதா, மந்திர்?" கோயில் கட்டுகிறேனா என்று. தோட்டம் என்றேன். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு போனார்.

பதினேழு கல் நிறுத்தினேன். வீடியோ காலில் காட்டினேன். மூன்றாவது கல் நிமிர்ந்து நிற்கிறதாம். பிடுங்கித் திரும்ப நட்டேன். தொப்பி போட்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. "இப்ப சரி" என்றாள்.

மதியம் பழைய சோறு, ஊறுகாய். ருசி தெரியவில்லை. பசியும் இல்லை. சாப்பிடும் நேரம் வந்தால் சாப்பிடுகிறேன்.

பிப்ரவரி 14, சனி

செடிகள் வந்தன. ஹிமாச்சல் நர்சரியிலிருந்து சென்னைக்குக் கூரியர், அங்கிருந்து ஆபீஸ் ராஜு பிளைட்டில் மடியில் வைத்துக் கொண்டு வந்தார். கேக் டப்பாவில் ஐந்து. ரோஜாப்பூ மாதிரி அடுக்கிய இலை மூன்று, பாசி மாதிரி இரண்டு. பெயர்கள் வாயில் நுழையவில்லை. செ.1 முதல் செ.5 என்று எண் போட்டேன்.

வேர் மண்ணை உதறிவிட்டு, இடுக்கில் இறக்கி, ஸ்குரூ டிரைவரால் ஜல்லியைத் திணித்தேன். மேலே பழைய பச்சை வலை, நிழலுக்கு. ஒன்பது போட்டோ அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன்.

"இந்தச் சூட்டுல நிக்குமாங்க?"

"நிக்கும்."

"டாக்டர் மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்னுட்டார். இருபத்தாறாம் தேதி டிக்கெட் போட்டாச்சு."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். காலண்டரில் வட்டம் போட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஐந்தும் அப்படியே. பாத்ரூமில் அவள் உட்கார பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன். பயமாக இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். அதுகூட இல்லை. மரத்துப் போயிருக்கிறது, ஊசி போட்ட ஈறு மாதிரி.

பிப்ரவரி 20, வெள்ளி

தண்ணீர் நாள். ஐந்தரைக்கு வந்தது. டிரம், பக்கெட், குக்கர், சொம்பு. குழாய் நிற்பதற்குள் ஓஸை இழுத்துக்கொண்டு போய் முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, அப்படியே கல் தோட்டம். இந்த ஊரில் இருபத்தாறு வருடமாகத் தண்ணீர் வந்தால் கை செய்வது அது. நின்று ஊற்றியிருக்கிறேன். இடுக்கெல்லாம் தளும்பியபோதுதான் உறைத்தது.

துணியால் ஒற்றி எடுத்தேன். டேபிள் ஃபேனை ஒயர் இழுத்து வெளியே வைத்தேன். மண்டல் பார்த்தார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

செ.1, செ.2 நடுவில் பழுப்பு. தொட்டால் கொழகொழ. செ.4 கறுப்பு. 35 டிகிரி வேறு.

"போட்டோ போடுங்களேன்" என்றாள். பதினாலாம் தேதி போட்டோவில் மிச்சமிருந்த ஒன்றை அனுப்பினேன். இருதயம் போட்டு அனுப்பினாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஐந்தும் போயிற்று. இன்னொரு பழைய போட்டோ. வெட்கமாக இருக்கிறது. ஒரு வேலை, ஒரே ஒரு வேலை சொன்னாள்.

பிப்ரவரி 26, வியாழன்

பிளைட் ஒன்றரை மணி நேரம் லேட். வீல் சேரில் வெளியே வந்தாள். பை அளவுகூட எடை இல்லை. டாக்சியில் கடலையே பார்த்து வந்தாள்.

வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் கல்லிடம். நான் பின்னால் பையுடன் நின்றேன். குனிந்து, செ.3 இருந்த இடத்தை விரலால் கிளறினாள்.

"போட்டோல பச்சையா இருந்துச்சே."

"அது பழைய போட்டோ. ஓஸ்ல தண்ணி விட்டுட்டேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாருன்னு சொன்னேன்ல" என்றாள். "அது போன தடவை சொன்னது. இந்தத் தடவை வரவே வேண்டாம்னுட்டாங்க. இனி மருந்து கேக்காதாம்."

மாமரத்தடியில் மண்டல் வீட்டுக் கோழி. பையைக் கீழே வைத்தேன். வேறு என்ன செய்தேன், நினைவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

லீவு சொன்னேன். ரசம், பருப்புத் துவையல். நான்கு வாய் சாப்பிட்டாள். அவள் அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு முன்பே தெரியும். ராஜுவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஜப்பார் பாய் தலையாட்டியதும் அதனால்தானோ என்னவோ.

"ஏன் சொல்லல?" என்று வசந்தாவிடம் கேட்டேன்.

"சொல்லியிருந்தா கல்லைப் போட்டுட்டு பிளைட் ஏறியிருப்பீங்க. அப்புறம் ரெண்டு பேரும் அக்கா வீட்டு ஹால்ல உக்காந்திருப்போம். எனக்கு இங்க வரணும்னு இருந்துச்சு."

மார்ச் 1, ஞாயிறு

நிழல் வந்த பிறகு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அழுகியதை எல்லாம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். ஏழாவது கல் சாய்வு அதிகம் என்றாள். சரி செய்தேன்.

இருபத்தாறு வருடத்தில் இவளிடம் நேராக ஒன்று கேட்டதில்லை. கையில் ஜல்லிப் பொடியோடு கேட்டேன். எத்தனை நாள் சொன்னார்கள் என்று.

சொன்னாள்.