கொன்றவனுக்குப் பேர் இல்லை

ராதாபுரம்
6.6.1994

அன்புள்ள அத்தானுக்கு,

நிச்சயம் ஆன பெண் முந்திக்கொண்டு கடிதம் எழுதுவது முறையில்லை என்று தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் என்றால் எனக்கு வாயே திறக்காது.

கல்யாண அழைப்பிதழில் என் பேரை ‘ஸ்னேகா’ என்று போடச் சொன்னீர்களாமே, நிஜமா? அச்சகத்துக்குப் போகவிடாமல் அப்பாவை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இசக்கியம்மா


சென்னை
11.6.1994

அன்புள்ள ஸ்னேகா,

பழகட்டும் என்றுதான் இப்படிக் கூப்பிடுகிறேன். நிஜம்தான். இசக்கி என்றால் பேய் என்று ஆபீசில் கேலி பேசுவார்கள். சங்கிலிபூதத்தானாக இருந்த நானே இங்கே சங்கர் ஆகிவிட்டேன். நீ படித்த பெண், புரிந்துகொள்வாய்.

அன்புடன்,
சங்கர்


ராதாபுரம்
20.6.1994

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று உங்கள் அம்மாவோடு மலையடிக் குகைக் கோயிலுக்குப் போனேன். சுவர் முழுக்க இசக்கி கதையைச் செதுக்கியிருக்கிறார்கள். நகைக்கு ஆசைப்பட்டவன் மடியில் நிறைசூலி தூங்குகிறாள். அடுத்ததில் அவன் கையில் கல். அதற்கும் அடுத்ததில் இடுப்பில் பிள்ளையோடு, செத்தவள் தெய்வமாக எழுந்து நிற்கிறாள். தலை குகைக் கூரையை முட்டுகிறது.

“கொன்னவன் பேரு என்ன அத்தை?” என்றேன்.

“அந்தப் பய பேரு யாருக்குட்டி தெரியும்? இவ பேரத்தான ஊரே வச்சிருக்கு!”

அந்தப் பேரைத்தான் பேய் என்கிறீர்கள். பட்டமளிப்பு விழாவில் அதை மைக்கில் வாசித்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். நான் நடந்துபோய் வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டின் முதல் பட்டம் இந்தப் பேரில்தான் இருக்கிறது. ஸ்னேகா எதுவும் படிக்கவில்லை.

குகை வாசலில் சங்கிலியும் தடியுமாக ஒரு காவல் சிலை. அத்தை அதன் பாதத்தை முந்தானையால் துடைத்தார்.

“என் மவன் இந்தச் சங்கிலிபூதத்தான் தந்த பிள்ளைல்லா. அதான் இவன் பேர வச்சேன். போன வாரம் ஆபீசுக்குப் போன் போட்டு, சங்கிலிபூதத்தானக் கூப்பிடுங்கய்யான்னேன். அப்படி யாரும் இங்கன இல்லைன்னு எவனோ போன வச்சிட்டான்ட்டி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

அழைப்பிதழில் ‘இசக்கியம்மா, பி.ஏ.’ என்று போடச் சொல்லிவிட்டேன். பிடிக்கவில்லையென்றால் கல்யாணத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். பேரை நிறுத்த மாட்டேன். மாப்பிள்ளை பேருக்கு உள்ள இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.

கேட்கத் தயங்கியது ஒன்று உண்டு. பதில் எழுதினால், அத்தை வைத்த பேரில் கையெழுத்துப் போடுவீர்களா?

இப்படிக்கு,
இசக்கியம்மா