எரியாத புண்

பாப்பா,

இன்று காலை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உன் வாய் ஞாபகம் வந்தது. முழுகாமல் இருக்கும் என் பேத்தியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஒவ்வொருத்தி வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தபடியே நர்சம்மா பேசினார்.

"வாயில புண்ணு வந்து வலிக்கலைன்னா சும்மா இருந்துறாதீங்க. வெள்ளையா திட்டு வந்தாலும் சொல்லுங்க. வூட்டுக்காரர்கிட்ட இருந்து ஒட்டுன நோயா இருக்கலாம். புண்ணு தானா ஆறிரும், நோய் ரத்தத்துல தங்கி வயித்துப் புள்ளைக்குப் போவும். ரத்தம் பாத்தா தெரிஞ்சிரும். ஊசி போட்டாக் கேக்கும். அவரும் வந்து போட்டுக்கணும்."

"எங்கூட்டுக்காரரு ஊசின்னா பெங்களூரு பஸ் ஏறிருவாருங்க," என்றாள் ஒருத்தி. பெஞ்சே சிரித்தது.

உன்னைக் கட்டியவன் பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது நம் வூட்டுக்கு வந்தாய். கீழுதட்டின் உட்புறம் ஒரு புண். அம்மா களியோடு மிளகாய்ச் சட்னியை வைத்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரியவே இல்லண்ணா, இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லு," என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"எரிஞ்சாத்தான் புண்ணு. இது சூடு, கீரைக்குப் போயிரும்," என்றாள் அம்மா.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். புண் ஆறிவிட்டது. கும்பிட்ட சாமி கைவிடவில்லை என்று மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். நீ இன்னும் கொஞ்சம் வெல்லம் கேட்டு வாங்கித் தின்றாய்.

பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அடுத்ததும் அப்படியே. இரண்டையும் துணியில் சுற்றி ஏரிக்கரைக்குத் தூக்கிப்போனவன் நான். இரண்டாவதின் உள்ளங்கையில் வெந்நீர் பட்டதுபோலத் தோல் உரிந்திருந்தது. இந்த இடத்தில் பேத்தி பேனாவை நிறுத்தி, "தாத்தா, இதை எழுதணுமா?" என்கிறாள். எனக்கு எழுத்து தெரியாது, அவள் கைதான் எழுதுகிறது. எழுது கண்ணு என்றேன்.

புள்ளையத் தின்னவ என்று உன் மாமியார் திருப்பி அனுப்பினாள். வாசலில் நின்றபடி கேட்டாய்: "நான் என்னண்ணா தின்னேன்? அம்மா குடுத்த கீரைதானே?" அதற்கப்புறம் உனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தபடியே போய்விட்டாய்.

அவன் வேறொருத்தியைக் கட்டினான். அவளுக்கும் தங்கவில்லை. அப்போதும் ஊர் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்துப்போன உன் வயிற்றெரிச்சல் என்றது. நானும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

நீ வாசலில் கேட்டதற்கு இன்றைக்குத்தான் பதில் தெரிந்தது. நீ எதையும் தின்னவில்லை பாப்பா. நோயைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான், உன் மாமியாரும் போய்விட்டாள், பழி போட்ட வாய்களெல்லாம் மண்ணாகிவிட்டன. யார் வாசலில் நின்று இதைச் சொல்வேன்?

அன்று உன் உதட்டில் ஒட்டியிருந்த வெல்லமும், துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பிஞ்சுக் கையும் எனக்குத் தனித்தனி ஞாபகமாகவே இருந்தன. இன்றிலிருந்து ஒன்றை நினைத்தால் மற்றதும் கூடவே வருகிறது.