கப்பலுக்குப் போட்ட மெயில்

ஆனைக்குட்டம்
ஐப்பசி, 2004

அன்பு மகன் அன்பரசனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை அய்யா. நம் பாப்பா மாரிசெல்வி போய்விட்டாள். அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை தீப்பிடித்து, மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டாள். உன் கப்பல் கம்பெனியின் மும்பை ஆபீசுக்குப் போன் போட்டோம், கப்பல் அடுத்த துறைமுகத்துக்கு வந்ததும் இந்தக் கடிதத்தை உன் கையில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். நின்றுகொண்டு படிக்காதே, எங்கேயாவது உட்கார்.

தீப்பிடித்த அன்றைக்கே உனக்கு மெயில் போட்டோம். எப்போதும்போல எங்கள் காலண்டர் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பிரபாகரன்தான் நான் சொல்லச் சொல்ல அடித்தான். திரையில் முத்து முத்தாகத் தமிழ் தெரிந்தது. பாப்பா உன்னைத்தான் கேட்கிறாள், கேப்டனிடம் சொல்லி ஒரு போன் போடு என்று எழுதியிருந்தோம். உன் பதிலும் வந்தது. வழக்கம்போல நீ இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்திருந்தாய், எனக்கு அது படிக்க வராது. பிரபாகரன் சாப்பிடப் போயிருந்தான், அவன் வரும்வரை பொறுக்காமல் பிரிண்ட் எடுத்த தாளை மடித்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டேன். நர்ஸம்மாவிடம் கொடுத்துப் பாப்பா காதுபட வாசிக்கச் சொன்னேன். தீபாவளி வாழ்த்து கிடைத்தது, ரொம்ப சந்தோஷம், பாப்பாவுக்கு நல்ல சேலையாக எடுத்துக் கொடுங்கள் என்று வாசித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அண்ணனுக்கு எம்மேல என்னப்பா கோவம், எரிஞ்சு கெடக்கேன்னு சொல்லியும் இப்படி எழுதிருக்காக என்றாள் பாப்பா. அதற்குப் பிறகு உன் பேரை எடுக்கவே இல்லை.

மறுநாள் தாளைப் பிரபாகரனிடம் காட்டினேன். உன் பதிலுக்குக் கீழே நாங்கள் அனுப்பினதும் ஒட்டி வந்திருந்தது. அதில் தமிழே இல்லை, இங்கிலீஷ் எழுத்தும் கொக்கியும் கேள்விக்குறியுமாக இருந்தது. மெஷின் கோளாறு என்று முதல் நாளே நான் அதை விட்டிருந்தேன். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பெரியப்பா, இது காலண்டர் அடிக்கிற ஃபாண்டு, நம்ம பிரஸ் மெஷின்லதான் தமிழாத் தெரியும், கப்பல்ல இது ஏது, இம்புட்டு நாளும் அண்ணன் ஒண்ணையுமே படிச்சிருக்க மாட்டாக என்றான். கம்ப்யூட்டரில் எழுத்து வகையை மாற்றி மாற்றிப் பார்த்தான். கேள்விக்குறியாகிப்போன எழுத்து திரும்பத் தமிழாகாதாம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாங்கள் போட்ட வாழ்த்தும் உனக்கு இப்படித்தான் வந்திருக்கும். அப்பா மனசு நோகக்கூடாது என்று கிடைத்தது, சந்தோஷம் என்று எழுதி வந்திருக்கிறாய். இதையும் தீபாவளி வாழ்த்து என்றே நினைத்துவிட்டாய்.

அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பாப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது. காதோடு வாய் வைத்து, அண்ணனுக்கு விசயமே தெரியாதும்மா, நாம எழுதுனது அங்கன போய்ச் சேரலம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்டிருக்கும், கண்ணோரம் ஈரம் இருந்தது என்கிறாள் உன் அம்மா. எனக்குத் தெரியவில்லை அய்யா.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. தனியாக மேல்தளத்தில் போய் நிற்காதே. சாமி உன்னையாவது எங்களுக்கு விட்டுவைக்கட்டும், நீ நூறு வருசம் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இனி நாங்கள் எது அனுப்பினாலும், படிக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுதிவிடு. எங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று பார்க்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
செல்லச்சாமி