ஹோல்டானும் ரைட்டும்

நவம்பர் 3, 2024. ஞாயிறு. ராஜபாளையம்.

பூனைகள் வந்துவிட்டன. அப்பா இன்னும் வரவில்லை.

இப்படித்தான் ஏற்பாடு. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இடித்துக் கட்டப் போகிறார்கள். அம்மா போன பிறகு அப்பா அங்கே தனியாக, இரண்டு பூனைகளோடு. என்னிடம் இங்கே இரண்டு அறை. யோசிக்க எதுவும் இல்லை. அப்பா ஒரு நிபந்தனைதான் வைத்தார்: "மொதல்ல அதுகளக் கொண்டு போ. அதுகளுக்கு ஒத்துக்கிட்டா பொறவு நான் வாரேன்."

பெயர்கள்: ரைட்டு, ஹோல்டான். வண்டி கிளம்ப ஒன்று, நிற்க ஒன்று. முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர் வேறு என்ன பெயர் வைப்பார்?

சாக்கில் கட்டிக்கொண்டு போகச் சொன்னார். வழியைப் பார்த்துவிட்டால் நடந்தே திரும்பி வந்துவிடுமாம். தெரு திரும்பும் இடத்தில் சாக்கை மூன்று முறை சுற்ற வேண்டுமாம். நான் தத்துவத்தில் முதுகலை. கம்பி ஜன்னல் வைத்த கூடை வாங்கினேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட். இரண்டும் வழிநெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தன.

நவம்பர் 4

கட்டிலுக்கு அடியில் நான்கு கண்கள்.

இணையத்தில் படித்தேன். இரண்டு வாரம் ஒரே அறை. கதவு சாத்தியிருக்க வேண்டும். பழைய வீட்டின் வாசனையுள்ள துணி. கூப்பிடக் கூடாது. சத்தம் கூடாது. அப்பாவின் காக்கிச் சட்டையை மடித்து வைத்தேன். மிக்ஸி போடவில்லை. கால் பதியாமல் நடக்கிறேன்.

அது அப்பாவுக்கென்று ஒதுக்கிய அறை. அதற்கு முன் நான் எழுதுகிற அறை. மேசையை அடுப்படிக்கு நகர்த்திவிட்டேன்.

நவம்பர் 5

ரைட்டு சாப்பிட்டது. ஹோல்டான் சாப்பிடவில்லை.

நவம்பர் 6

கீழே வீட்டுக்காரம்மா, அவர்களுடைய வெள்ளை நாய். நாயில்லாத வீட்டில்தான் குடியேறுவேன் என்றால் இந்த ஊரில் எனக்கு வீடே கிடைத்திருக்காது. அவர்கள் வீட்டில் தெலுங்கு, பூனைக்கு பில்லி.

"ஏம்மா ஜெனிலா, மாடியில பில்லி இருக்கா, ஓடிப்போச்சா? சத்தமே இல்லையே."

ஒன்று சாப்பிட மாட்டேன் என்கிறது என்றேன்.

"நான் கட்டிட்டு வந்த புதுசுல ஒரு வருசம் மாடிப்படிக்குக் கீழ உக்காந்து அழுதேன். பில்லிக்கு மூணு நாள்ல என்ன அவசரம்?"

நவம்பர் 7

அப்பா போன் செய்தார்.

"அந்த ரூம்ல வெயில் வருமா?"

"காலையில வரும்பா."

"பேன் சத்தம் போடுமா? கட்டில் எந்தச் செவுத்தோரம் கெடக்கு? பக்கத்துல கோயில் மணி கேக்குமா?"

பூனைகளுக்காகக் கேட்கிறார்.

நான்கு வருடமாகத் தனியாக இருக்கிறேன். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நாள் முழுக்க லேபிள் சரிபார்த்துவிட்டு வந்து, கதவைச் சாத்தி, யாரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம் — அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. அது போய்விடும். போகட்டும். அப்பாதானே. அப்பாதான்.

நவம்பர் 8

மொட்டைமாடிக் கதவைத் திறந்தேன். துணி காயப்போட. பத்து நிமிடம். அறைக் கதவும் சரியாகச் சாத்தவில்லை போல.

ஹோல்டான் இல்லை.

நவம்பர் 9

தெருவில் எல்லா வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழும் குனிந்து பார்த்தேன். ஓடிய பூனை பெரும்பாலும் முன்னூறு மீட்டருக்குள்தான் ஒளிந்திருக்கும் என்று போட்டிருக்கிறது. முன்னூறு மீட்டர் என்பது எத்தனை வீடு.

போனில் அப்பா: "ரெண்டும் சாப்டுச்சா?"

"ம்."

நவம்பர் 11

சொல்லிவிட்டேன்.

அப்பா: "ஜன்னல் வச்ச கூடைன்னேல்ல. வழியப் பாத்துருச்சு. இங்கதான் வந்துக்கிட்டிருக்கு."

"பன்னெண்டு கிலோமீட்டர்பா."

"எனக்குத் தெரியாத ரோடாட்டி?"

பஸ்ஸில் விட்டுப்போன குடை, டிபன் கேரியர், பிள்ளையின் ஒற்றைச் செருப்பு எல்லாம் பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீசுக்கு வந்து சேரும். அந்த வழக்கப்படி ஹோல்டானையும் அங்கே எழுதிவைத்திருக்கிறார். சாம்பல் நிறம், வால் நுனி வெள்ளை. அந்தத் தடத்தில் ஓடும் எல்லா டிரைவருக்கும் தகவல் போயிருக்கிறது. தினமும் மாலை போய் விசாரிக்கிறாராம்.

நவம்பர் 13

பெட்டி கட்ட மாட்டேன் என்கிறார். பின்கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். "அது அம்புட்டுத் தூரம் நடந்து வந்து, வீடு பூட்டிக் கெடந்தா எங்க போவும்?"

வீடே இருக்காது அப்பா. இடித்துவிடுவார்கள். சொல்லவில்லை.

நவம்பர் 16. சனி. ஸ்ரீவில்லிபுத்தூர்.

அப்பாவோடு ரோட்டோரமாக நடந்தேன். மடவார்வளாகத்திலிருந்து மம்சாபுரம் விலக்கு நோக்கி. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று கண்டக்டர் குரலில் கூப்பிட்டார்: "ஹோல்டான்! ஹோல்டான்!"

ஒரு டவுன் பஸ் நின்றுவிட்டது.

டிரைவர் தலையை நீட்டினார். அப்பாவோடு வேலை பார்த்த பால்சாமி மாமா. "என்னண்ணே, ரிட்டயரான பொறவும் வண்டிய நிறுத்துறீய?"

"ஒன்ன எவம்லே நிறுத்துனான்? நான் பூனையக் கூப்புடுதேன்."

"பூனைக்கு ஸ்டாப் இங்கயா, அடுத்ததா?"

பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அம்மாவுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "போலே, லேட்டாகப் போவுது. ரைட்!" என்று பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார்.

பிறகு ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்தோம்.

"எப்படிட்டி போச்சு?"

"துணி காயப்போடப் போனேன்பா. கதவு —"

"வெள்ளிக்கிழமைதான?"

"ஆமா."

"இங்க அன்னைக்கு நல்ல மழையில்லா."

சுவரில் படிந்த பாசியை நகத்தால் சுரண்டினேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே சொன்னார்: "அங்க பெய்யலையோ என்னமோ."

"பெய்யலப்பா," என்றேன்.

நவம்பர் 17

பெய்தது.

கொடியில் ஒரு துணியும் இல்லை. பிறகு எதற்குத் திறந்தேன்? மழையைப் பார்க்கவா? இருக்கலாம். எனக்கு மழை பிடிக்கும். அறைக் கதவு சாத்தவில்லை என்று தெரியுமா? தெரியாது. தெரியும். திறக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. திரும்பவில்லை. திரும்பியிருந்தால் —

பூனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அப்பா வரமாட்டார். இதை நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. நினைக்காமலே கை ஒரு காரியம் செய்யுமா? இதைப் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தேன். நல்ல மார்க்கும் வாங்கினேன். ஒண்ணும் வெளங்கல. ஒரு எழவும் வெளங்கல.

நவம்பர் 21

கிடைத்துவிட்டது.

ராஜபாளையத்திலேயே, எங்கள் பின்தெருவில் ஒரு தறிக்கூடம். இருபது தறியும் ஓடிக்கொண்டிருக்க, பேண்டேஜ் துணி உருளைகளின் மேல் கால்களை நீட்டிப் படுத்திருந்தது. நூல் சுற்றும் வெள்ளைத்தாய் அக்கா கத்தினார்: "அட, இது ஒங்க பூனையா? நாங்க இவன வேலைக்குச் சேத்துல்லா வச்சிருக்கோம்!"

கூப்பிட்டேன். பார்த்தது. வரவில்லை. உடம்பு தேறியிருக்கிறது.

அந்தச் சத்தத்தில் என்னால் இரண்டு நிமிடம் நிற்க முடியவில்லை. அப்போதுதான் தோன்றியது: அது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அப்பா வீட்டில் பிறந்த பூனை. பிறந்ததிலிருந்து இன்ஜின் சத்தம். நான் என்ன செய்தேன்? மிக்ஸியைக்கூடப் போடாமல், எனக்குப் பிடித்ததை அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 23. சனி.

அப்பா வந்தார். முதலில் வீட்டுக்கு. அந்த அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், ரைட்டைத் தடவினார், உள்ளே போகவில்லை. அடுப்படியைப் பார்த்தார்.

"மேசைய ஏன்ட்டி இங்க கொண்டாந்து போட்டிருக்க?"

"சும்மாதான்பா."

பிறகு தறிக்கூடம். ஹோல்டான் இறங்கி வந்து அவர் கையை மோந்தது. காலடியில் கொஞ்சம் உட்கார்ந்தது. எழுந்து மறுபடி உருளைமேல் ஏறிக்கொண்டது. தூக்கப் போனேன். "விடு," என்றார்.

முதலாளி சௌந்தரபாண்டியன் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, நீங்க அந்த ஏழரை வண்டி சூசை அண்ணாச்சில்லா? காலேசுக்குப் போவையில என்ன நடுரோட்டுல எறக்கி விட்டீயளே!"

"படியில தொங்கியிருப்பீரு."

"தொங்கத்தான் செஞ்சேன்."

இரண்டு பேரும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சிரித்தார்கள். பகலில் பண்டல் வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இல்லை; பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்றார் முதலாளி. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"ரூம்ல பேன் இருக்கா?" அப்பா கேட்டார்.

"அப்பா, நம்ம வீடு —"

"இங்கன பக்கந்தானட்டி. மேசைய பழைய எடத்துல போடு."

கோபமா? தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

நவம்பர் 30

அப்பாவின் சாமான்கள் வந்த வேன் எங்கள் தெருவில் திரும்பவில்லை.

டிசம்பர் 2

"அப்பாவ ஏம்மா அங்க விட்ட?" — வீட்டுக்காரம்மா.

நான் விடவில்லை. விட்டேனா?

மேசையை அறைக்குள் நகர்த்தினேன். எழுத உட்கார்ந்தேன். எதுவும் வரவில்லை. எழுந்து மிக்ஸியைப் போட்டேன், காலியாக.

டிசம்பர் 8. ஞாயிறு.

சர்ச்சில் பூசை முடிந்து அப்பா வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நின்று பெல் அடித்தார்.

"வாங்கப்பா," என்றேன். வீட்டு ஆளுக்கு யாரும் 'வாங்க' சொல்வதில்லை. சொன்ன பிறகுதான் தெரிந்தது.

புது வெள்ளைச் சட்டை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபி நல்லா இருக்கு என்றார். ஹோல்டான் முதலாளியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னார். சொல்லும்போது குரல் பெரிதாக இருந்தது. தறிச் சத்தத்தில் பேசிப் பேசி அப்படி ஆகியிருக்கிறது. நன்றாக இருக்கிறார். அதுதான் எனக்கு — நன்றாகத்தான் இருக்கிறார்.

இருபது நிமிடம். பிறகு எழுந்தார். "வாரேன்ட்டி."

சாப்பிட்டுப் போங்க என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் படியிறங்கி கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். செருப்பைப் போடாமல் பின்னால் ஓடினேன். என்ன என்பதுபோல் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு மழை பெஞ்சதுப்பா," என்றேன்.

"தெரியும்," என்றார். கேட்டைப் பிடித்தபடியே நின்றார். "வெறுங்காலோட நிக்காத. உள்ள போ."

போகவில்லை. அவரோடு தெருமுனை வரை நடந்தேன்.