இவருக்குத் தெரிந்த ரோடு

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணி பாதி பக்கத்துத் தோப்பில். போய்ப் பொறுக்கி வந்தேன்.

வேன் வந்துவிட்டது. தேனி பட்டறையில் நாலு மாதம் கிடந்தது. முன்னால் அது ஸ்கூல் வேன். கதவு இடுக்கில் மஞ்சள் பெயிண்ட் இன்னும் இருக்கிறது. இப்போது உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர் டேங்க், ஒரு ஃபேன். இனி இதுதான் வீடு. கம்பத்து வீட்டை மூன்று வருடத்துக்கு ஒத்திக்கு விட்டு, அந்தப் பணத்தில் செய்த வேன். திங்கட்கிழமை வீட்டுச் சாவியையும் கொடுத்தாயிற்று. 27ஆம் தேதி கிளம்பும்வரை உத்தமபாளையத்தில் கொழுந்தனார் தோப்பில், தகரக் கொட்டகைக்குக் கீழே.

ஏற்றியது: சின்னக் குக்கர், இட்லிச்சட்டி, சேலை ஆறு, இவர் வேட்டி நாலு, மாத்திரை டப்பா, இவர் கண் சொட்டு மருந்து, குலசாமி படம்.
விட்டது: கிரைண்டர். அதற்கு மட்டும் அழுகை வந்தது. வெட்கக்கேடு.

கொழுந்தனார் பெண்டாட்டி யாரிடமோ ஃபோனில்: “ஆமாக்கா, வீட்ட விட்டுட்டு வண்டியிலயே குடித்தனம் பண்ணப் போறாகளாம். இந்த வயசுல.” எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினாள்.

இவர் 27 வருடம் கம்பம்–குமுளி பஸ் ஓட்டினார். நான் சத்துணவில் முட்டை அவித்தேன். சேர்ந்து பார்த்த ஊர்: பழனி, மதுரை, ஒருமுறை திருச்செந்தூர். இனி முதலில் ராமேஸ்வரம், அப்புறம் கடலோரமாகவே வடக்கே. எதுவரை என்று கேட்டேன். “ரோடு இருக்கிற வரைக்கும்” என்றார்.

ஜூன் 13, வெள்ளி

சாரல். சோதனை ஓட்டம், கூடலூர் வழியாகக் குமுளி. அலுங்காமல் ஓட்டினார். லோயர்கேம்ப் ஸ்டாப்பில் தானாக நிறுத்திவிட்டு விசிலுக்குக் காத்திருக்கிறார்! ஒரு அம்மா கூடையோடு வந்து கதவைத் தட்டியது. நான் “ரைட், ரைட்” என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

“இந்த ரோட்டுக்கு எனக்குக் கண்ணே வேணாம்டி.” பெருமை.

குமுளியில் டீ, பழம்பொரி. தலைவலி இல்லை. கொசுவலை வாங்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

வருசநாடு போனோம். இவர் ஓட்டாத ரோடு. கடமலைக்குண்டு தாண்டியதும் ஸ்டியரிங் மேல் குனிந்துகொண்டார். சட்டை முதுகெல்லாம் வேர்வை. முப்பதுக்கு மேல் போகவில்லை.

“என்னங்க, முடியலையா?”

“பேசாம வா.”

இடது ஓரத்தில் ஒரு ஆள், தலையில் புல்லுக்கட்டோடு நடந்து போகிறார். எனக்கு வெகு தூரத்திலேயே தெரிந்தது. இவர் ஒதுக்குவார் என்று சும்மா இருந்தேன். ஒதுக்கவே இல்லை. வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி புல்லுக்கட்டில் இடித்து, ஆள் உருண்டு விழுந்தார். முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு. இடியைப் புல்லுக்கட்டு வாங்கிக்கொண்டது. இல்லாவிட்டால் தலை.

“ஏன்யா, ஆளு நடக்குறது தெரியலையா? நான் என்ன எறும்பா?”

“கண்ணுல படலப்பா. சத்தியமாப் படல.”

கூட்டத்தில் ஒருவன், “குடிச்சிருக்காரான்னு பாருங்கடா.” இவர் வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். ஒரு கேஸ் இல்லாமல் ரிட்டயர் ஆனவர். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டுப் போட்டு அந்த ஆளை வீட்டில் விட்டோம். கொழுந்தனார் வந்து வேனை ஓட்டி வந்தார்.

ஜூன் 16, திங்கள்

சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரை இடது பக்கம் வைத்தேன். தேடினார். விரலை இவர் காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டு வந்தேன். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், “என்னடி செய்யிற?” என்றார்.

பிறகு சொன்னார். கண்ணில் அழுத்தம். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. நேரே மட்டும் தெரியும், ஓரம் தெரியாது. போனது திரும்பாது. ரிட்டயர் ஆன மறு மாதம் மதுரை டாக்டர் சொன்னாராம். ஒன்றரை வருடமாக இவருக்குத் தெரியும்.

அதாவது, வீட்டை ஒத்திக்கு விடுவதற்கு முன்னாலேயே.

தூசி அலர்ஜி என்று என்னிடம் சொன்ன மருந்து. இரண்டு வேளையும் ஊற்றிவிட்டது நான்.

“தெரிஞ்சே எதுக்குங்க இப்படிச் செஞ்சீக?”

“கண்ணு முழுசா அடையுறதுக்குள்ள நாலு ஊரப் பாத்துரலாம்னு. ஒரே ரோட்டையே பாத்துப் பாத்து… நீ அதுகூடப் பாக்கல.”

“அந்தாளு செத்திருந்தா?”

தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

இவர் மேல் வெறுப்பாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும். பக்கத்தில் படுக்கப் பிடிக்கவில்லை. வேனில் வேறு இடம் கிடையாது.

ஜூன் 18, புதன்

வழி ஏதாவது உண்டா?

– டிரைவர் வைப்பது. அவன் எங்கே படுப்பான்?

– நான் கற்றுக்கொள்வது. தோப்புக்குள்ளேயே முயன்றேன். 61 வயது முட்டி, கிளட்ச் பாதிக்கு மேல் இறங்கவில்லை. மூன்று தடவை வண்டி நின்றது. கொழுந்தனார் பெண்டாட்டி வேலியோரம் வந்து நின்று பார்த்தாள்.

– கோவையில் மகள். “இங்க வந்துருங்கம்மா, ஹால்ல படுத்துக்கலாம்.” அவளும் வேறென்ன சொல்வாள்.

கேஸ் புக்கை விட்டுவிட்டேன் என்று கம்பத்து வீட்டுக்குப் போனேன். குடியிருக்கும் பெண் கதவைத் திறந்து, “உள்ள வாங்கம்மா, ஏன் வாசல்லயே நிக்கிறீக?” என்றாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நல்ல பெண். அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. தெருமுனை வரை வந்துதான் அழுதேன்.

கேஸ் புக் கிடைக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

போடியிலிருந்து ஒருவர் இன்னொரு ஆளோடு வேனைப் பார்க்க வந்தார். டிபன் வண்டி போடுகிறாராம். கட்டிலைத் தட்டிப் பார்த்து, “இதக் கழட்டிட்டாத் தோசைக்கல்லுப் போட்டுரலாம்ணே. டேங்கு அப்படியே இருக்கட்டும்.”

இவர் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். அளக்க வேண்டும், கொஞ்சம் எழுந்திருங்கள் என்றார்கள். எழுந்திருக்கவில்லை. கடைசியில் இவரைச் சுற்றியே டேப்பைப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை பணத்தோடு வருகிறார்களாம்.

ரசம் வைத்தேன். அப்படியே இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

காற்று இல்லை. வெயில்.

காலையில் இவர்: “வித்துரு. அதுக்கு முன்னாடி ஒருக்காக் குமுளி வரைக்கும் ஓட்டிட்டு வந்துர்றேன். அது என் ரோடு மாலா. அங்கன ஒன்னும் ஆகாது.”

சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். “பஸ்ஸுல போவோம், வாங்க.”

டிரைவர் இவருக்கு ஜூனியர். “அண்ணே” என்று முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். மலை ஏறியதும் இவர் முகமே மாறிவிட்டது. வளைவு வருவதற்கு முன்னாலேயே சொல்கிறார்: இப்ப வலது, இப்ப பள்ளம், இங்கன ஹாரன் அடிக்கணும். டிரைவரும் அப்படியே செய்துகொண்டு வந்தார். ஒன்றும் தப்பவில்லை. பாவி மனசு, சாவியைக் கொடுத்திருக்கலாமோ என்று நினைத்தேன்.

“அடுத்த வளைவுல இடது பக்கம் பலாமரம் வரும் பாரு. தினமும் அதப் பாத்துத்தான் கியர மாத்துவேன். ரிட்டயர் ஆன அன்னைக்கு அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தேன்.”

பார்த்தேன். மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும். கறுத்துப் பாசி பிடித்து, நடுவில் உளுத்து, அதற்குள்ளிருந்து வேறு ஏதோ செடி ஆள் உயரத்துக்கு. வெட்டி ஆறேழு வருடமாவது இருக்கும். இவர் ரிட்டயர் ஆகி ஒன்றரை வருடம்தான்.

பஸ் நிறைய ஆள். என் பின் சீட்டில் ஒருத்தி மடியில் பிள்ளை தூங்குகிறது.

“காய்ச்சிருக்கா?” என்றார்.

“ஆமாங்க. நிறையக் காய்ச்சிருக்கு.”