மேற்கு அறைப் பூச்சை உடைத்தது நான்தான்

இயேசு மரி சூசை துணை

மைசூர்,
11-8-1955

அன்பு மகள் டோரதிக்கு,

அப்பா எழுதுவது. எல்லாரும் நலம் என்றுதான் உனக்கு எழுதும் கடிதத்தை எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை அதில் பாதியைத்தான் எழுத முடிகிறது. நான் நலம், உன் தம்பி ஏசுதாஸ் நலம், உன் அம்மா நலமாக இல்லை. ஜாம்ஷெட்பூரில் நீயும் உன்னோடு வேலை பார்க்கும் நர்சுப் பெண்களும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இதை மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டு நான்காவது தாளில் எழுதுகிறேன், முதல் மூன்றிலும் கோபம் அதிகமாகத் தெரிந்தது, இதில் குறைந்திருக்கிறதா என்றும் எனக்கு நிச்சயமில்லை. முப்பத்தைந்து வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தும் ஒரு பையனைக்கூட அதட்டத் தெரியாதவர் என்று நீயும் உன் தம்பியும் என்னைக் கேலி செய்வீர்கள். இன்று அதட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் உன்னையும் சேர்த்து. பொறுமையாகப் படி.

விஷயத்தை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கும் சரியாக வரும். போன அக்டோபரில் நீ எழுதியிருந்தாய், உங்கள் குவார்ட்டர்ஸில் சுவர்களுக்கெல்லாம் சிமெண்ட் பூசி ஆயில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், துடைத்தால் பளபளவென்று இருக்கிறது, நம் வீட்டுச் சுண்ணாம்பு சாய்ந்தவர் முதுகிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது, தங்கவயலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் மாற்றிவிடுங்கள் என்று. உன் தம்பிக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஆபீஸில் யார் யாரையோ பிடித்து சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கினான், பிப்ரவரியில் கந்தசாமி மேஸ்திரியைக் கூட்டிவந்தான், முன்னறைக்கும் அம்மா படுக்கும் மேற்கு அறைக்கும் உள்ளும் வெளியும் சிமெண்ட் பூசி, உள்ளே இளம்பச்சைப் பெயிண்டும் அடித்தார்கள். குருவி வருகிறது, தூசி வருகிறது என்று வெண்டிலேட்டர்களைப் பலகை வைத்து அடைத்தார்கள். கொத்தி எடுத்த பழைய சுண்ணாம்புக் காரையையெல்லாம் வெளிப்பக்கம் மேற்குச் சுவரோரமே கொட்டி மிதித்துவிட்டுப் போனார்கள், அதனால் வெளியே மண் மட்டம் உள்தரையைவிட ஒரு முழம் உயர்ந்துவிட்டது. இதையெல்லாம் நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம் சுவர் செங்கலும் களிமண்ணும் வைத்துக் கட்டியது, கீழேயிருந்து ஓதம் ஏறினாலும் சுண்ணாம்புப் பூச்சு வழியாக இரண்டு பக்கமும் காற்றில் உலர்ந்துபோகும், அதை எடுத்துவிட்டுச் சிமெண்டையும் பெயிண்டையும் போட்டு மூடினால் அந்த ஈரம் எங்கே போகும் என்று எனக்கு அப்போதே ஒரு கேள்வி இருந்தது. கேட்கவில்லை. மேஸ்திரி முப்பது வீடு கட்டியவன், நான் ஒன்றும் கட்டாதவன், நான் நினைப்பது தவறாக இருந்தால் சிரிப்பார்களே என்று இருந்துவிட்டேன். மார்ச், ஏப்ரல் வெயிலில் சுவர் கண்ணாடி மாதிரி மின்னியது, கோயிலுக்குப் போய்வருகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்துப் புகழ்ந்தார்கள், நான்தான் பயந்தாங்கொள்ளி என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மே மாத மழை இரண்டு விழுந்ததுமே மேற்கு அறையில் தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது. ஜூனில் அதை விரலால் அழுத்தினால் தண்ணீர் வந்தது. மூலைகளில் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. பால் கொண்டுவரும் நஞ்சம்மா கதவோரம் நின்று, "ஏன் ஸ்வாமி, உள்ள கெரெ கட்டி வெச்சிருக்கீங்களா, கெரெ நாத்தம் அடிக்குது" என்று கேட்டாள், கெரெ என்றால் ஏரி என்பதை மைசூரில் பிறந்த உனக்கு நான் சொல்ல வேண்டாம். அவள் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை, அந்த வீட்டிலேயே குடியிருக்கிற நாங்கள் ஒருவரும் கேட்காததுதான் வருத்தம். உன் தம்பி என்ன செய்தான் தெரியுமா, பெரிய மர அலமாரியை இழுத்து அந்தச் சுவரை ஒட்டி வைத்து மறைத்தான். காற்றே படாத இடத்தில் பூசணம் இன்னும் செழிப்பாக வளர்ந்தது. உனக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த வெள்ளைப் பட்டுப்புடவை அந்த அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருந்தது, மடிப்பு நெடுகச் சாம்பல் நிறப் புள்ளி. அம்மா உன்னிடம் சொல்லாதீர்கள் என்றாள், நான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இருமல் ஜூன் கடைசியில் ஆரம்பித்தது. முதலில் சளி என்றோம், பிறகு இழுப்பு வந்தது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள், அந்த ஈரச் சுவரிலேயே. டாக்டர் மருந்து கொடுத்தார், முடிந்தால் அறையை மாற்றுங்கள் என்றும் சொன்னார். ஏசுதாஸ் கந்தசாமியை மறுபடி கூட்டிவந்து காட்டினான். அவன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேலையில ஒரு குத்தமும் இல்ல சார். அம்மா வூட்டுக்குள்ளயே துணி காயப் போடறாங்க, அடுப்பு ஆவி வேற. அதுக்கு சிமெண்ட் என்ன பண்ணும்?" என்றான். ஒரு நோயாளி மூச்சுக்குத் தவித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போது, அவளைக் காட்டியே இதைச் சொன்னான். உன் தம்பி அதை நம்பினான். அன்றிலிருந்து வீட்டுக்குள் துணி காயப் போடக்கூடாது, உள்ளே உலை வைக்கக்கூடாது என்று சட்டம். இந்த ஜூலைத் தூறலில் உன் அம்மா பின்பக்கச் சார்ப்பில் முக்காடு போட்டுக்கொண்டு மூன்று வாரம் சமைத்திருக்கிறாள் டோரதி, ஒரு பெயிண்டைக் காப்பாற்ற. அந்தச் சோற்றை நானும் சாப்பிட்டிருக்கிறேன். யார் மேல் கோபம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, கந்தசாமி மேலா, பெற்றவளைவிட மேஸ்திரியை நம்பியவன் மேலா, என் மேலா.

என் மேல் என்பதைச் சும்மா பணிவுக்காக எழுதவில்லை. முப்பது வருஷமாகப் பின்வாசலில் இரண்டு உஷ்ணமானி தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காலை மாலை இரண்டின் வித்தியாசத்தையும் நோட்டில் குறித்து வருகிறேன், வித்தியாசம் குறையக் குறையக் காற்றில் ஈரம் அதிகம். மைசூர்க் காற்றில் எந்த வருஷம் எந்த மாதம் எவ்வளவு ஈரம் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். ஆனால் அந்த உஷ்ணமானிகளை ஒரு நாள்கூட வீட்டுக்குள் எடுத்துவந்து மாட்டவில்லை. ஊர்க் காற்றை அளந்தேன், என் மனைவி சுவாசிக்கிற காற்றை அளக்கவில்லை. கந்தசாமி அப்படிச் சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. ஜூலை 20ஆம் தேதி அம்மாவைக் கொள்ளேகாலத்தில் இருக்கும் உன் பெரியம்மா வீட்டுக்கு நாலு நாள் அனுப்பினேன், காரணம் சொல்லவில்லை. அந்த நாலு நாளும் வீட்டில் அடுப்பு ஏற்றவில்லை, ஏசுதாஸும் நானும் மெஸ்ஸில் சாப்பிட்டோம், துணி வெளுக்கப் போட்டோம், கிணற்றடியில் குளித்தோம். ஈரத்துக்கு அம்மாதான் காரணம் என்றால் மேற்கு அறை உலர வேண்டும் அல்லவா. பின்வாசலில் ஐந்து டிகிரி வித்தியாசம், அறைக்குள் ஒரு டிகிரி, அலமாரிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, நாலு நாளும் அப்படியே. ஆள் இல்லாத அறை அம்மா இருந்தபோது எப்படியோ அப்படியே நனைந்து கிடந்தது. அங்கே கொள்ளேகாலத்தில் அவள் இரண்டாம் நாளே படுத்துத் தூங்கினாளாம். அப்போதும் எனக்குத் திருப்தி இல்லை, படத்துக்குப் போடும் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் வைத்து நாலு ஓரமும் மெழுகால் அடைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் அறையைப் பார்த்த பக்கம் உலர்ந்திருந்தது, சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். ஈரம் அறையிலிருந்து சுவருக்குப் போகவில்லை, சுவரிலிருந்து அறைக்கு வருகிறது. உன் அம்மா நிரபராதி. இதை நிரூபிக்க நாலு நாளும் ஒரு கண்ணாடித் துண்டும் தேவைப்பட்டது என்பதே எனக்கு அவமானம்.

இதை ஏசுதாஸிடம் நோட்டோடு காட்டினேன். அவன் முழுவதும் படித்தான், ஆனால் மாதா பிறந்தநாளுக்கு மறுநாள், செப்டம்பர் 9ஆம் தேதி, தங்கவயல்காரர்கள் வருகிறார்கள், இப்போது சுவரைக் கொத்தினால் அக்கா கல்யாணத்தையே கொத்தின மாதிரி என்றான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உன் அம்மாவும் அவன் கட்சியில் சேர்ந்தாள். கொள்ளேகாலத்திலிருந்து வந்த மூன்றாம் நாளே மறுபடி இழுப்பு, போன ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் குனிந்து உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொல்கிறாள், "என்னங்க, அவங்க வந்து பொண்ணு பேசிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் நான் மூச்சைப் பிடிச்சுக்கிறேன்."

மறுநாள், திங்கட்கிழமை, ஏசுதாஸ் ஆபீஸ் போனதும் கொள்ளேகாலப் பக்கத்துக் கொத்தன் ஜடையனை அழைத்துவந்து மேற்கு அறைப் பூச்சை உள்ளும் வெளியும் கொத்தி எடுக்கச் சொன்னேன். முதல் அடியிலேயே அது பலகை மாதிரிப் பிரிந்து விழுந்தது, பின்னால் செங்கல் கறுத்து நீர் கசிந்தது. ஜடையன் உளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க சார், போலீஸ்காரன் ரப்பர் கோட்டுக்குள்ள வேர்த்துக் கெடக்கற மாதிரியல்ல இருக்குதுங்க செவுரு" என்றான். சுவரோரக் காரையை வாரி அப்புறப்படுத்தி ஒரு சாண் பள்ளமாகச் சரித்தோம், வெண்டிலேட்டர் பலகையைப் பிடுங்கினோம், அலமாரியை நடு அறைக்கு இழுத்தோம். சுவர் நன்றாக உலர்ந்த பிறகு சுண்ணாம்புச் சாந்து, அதன் மேல் வெறும் வெள்ளை, அவ்வளவுதான். அது ஆற ஒன்றரை மாதமாவது ஆகும், அதாவது அவர்கள் வரும்போது சுவர் செங்கல் தெரிந்துகொண்டு அம்மணமாகத்தான் நிற்கும்.

சாயங்காலம் உன் தம்பி வந்து பார்த்தான். அம்மாவைப் பார்த்து, "அப்பாவுக்கு வயசாயிடுச்சும்மா" என்றான். வாசலுக்குப் போய்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தசாமி வீட்டுக்குப் போனான். பர்மிட் சிமெண்ட் மூன்று மூட்டை மிச்சம் இருக்கிறது, இந்த மாதம் 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கந்தசாமி வந்து மறுபடி பூசி, ஒரு வாரத்தில் பெயிண்டும் அடித்துத் தருகிறானாம். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். வெளியே காரை கொட்டாததால் ஈரம் அதிகம் ஏறாத முன்னறையில் அவளை நாலு நாளாகப் படுக்க வைத்திருக்கிறேன், இழுப்பு தணிந்து வருகிறது, ஆனால் மேற்கு அறையைப் பார்க்கும்போதெல்லாம் உன் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோம் என்று அழுகிறாள்.

மகளே, இந்த வருஷம் உன்னிடமிருந்து ஆறு கடிதம் வந்திருக்கிறது, ஆறையும் எடுத்துப் பார்த்தேன். நாலில் சுவரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாய், பச்சையா நீலமா, எத்தனை கோட்டிங், பளபளப்பு குறையவில்லையே என்று. அம்மா இருமுகிறாள் என்று ஜூலையில் நான் எழுதியதற்குக் கஷாயம் கொடுங்கள் என்று ஒரு வரி. நீ நர்ஸ். உன் வார்டில் ஒரு நோயாளியை இப்படிப்பட்ட அறையில் படுக்க வைத்திருந்தால் மேட்ரனிடம் போய்ச் சண்டை போட்டிருப்பாய். எனக்கு இதை எழுத உரிமை உண்டா என்று தெரியவில்லை, நானும் ஐந்து மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்தான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. பூச்சில்லாத சுவரைப் பார்த்து ஒரு குடும்பம் உன்னை வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் வராமல் இருப்பதே மேல், இது என் அபிப்பிராயம், வாழப்போகிறவள் நீ. நீ சம்மதித்தால் நடந்ததை நடந்தபடி தங்கவயலுக்கு நானே எழுதுகிறேன், சம்மதமில்லாவிட்டால் எழுத மாட்டேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உன் கையால் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது, சுவர் இப்படியே இருக்கட்டும், சிமெண்ட் வேண்டாம், எனக்காக நீங்கள் மூச்சைப் பிடிக்க வேண்டாம் என்று. அவள் என் நோட்டை நம்ப மாட்டாள், ஏசுதாஸ் என் வயதை நம்ப மாட்டான், இரண்டு பேரும் உன் பேரைச் சொல்லித்தான் இதையெல்லாம் செய்கிறார்கள். 28ஆம் தேதிக்குள் அது வந்தாக வேண்டும், இதைக் கண்டதும் தபாலில் சேர்த்துவிடு. உன் அறையிலும் கட்டிலையும் பெட்டியையும் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போடு, மழை விட்ட நேரம் ஜன்னலைத் திறந்து வை. இரவு வேலை முடிந்தால் வெறும் வயிற்றோடு தூங்காதே. சர்வேசுரனும் தேவமாதாவும் உன்னைக் காக்க, அம்மாவும் நானும் உனக்குச் சொல்லும் ஆசீர்வாதம். கந்தசாமி சட்டி கரண்டியோடு வரும்போது நான் வாசலில் நிற்பேன், நிற்பது என்னால் முடியும், பேச்சுதான் வராது என்று உனக்குத் தெரியும். உன் கடிதம் கையில் இருந்தால் அதை உரக்கப் படித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தந்தை,
ச. சூசைநாதன்